இரண்டாவது சாய்கோடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டுக் கண் செருகும் நேரத்தில் ஒரு அழைப்பு. பழைய அலுவலகத்தில் நான் விட்டுவந்த புரோகிராமை இப்போது பார்த்துக்கொள்ளும் பெண். நேரில் பார்த்ததில்லை; நான் வெளியேறிய பிறகு சேர்ந்தவர். "அண்ணா, தொந்தரவு பண்றேன், ஒரே ஒரு கேள்வி. எடைக் கணக்குப் போடற இடத்துல உங்க பேர்ல ஒரு வரி இருக்கு. பெட்டி அளவு முழு எண்ணா வந்தா ரெண்டு சாய்கோடு போட்டு வகுக்கறீங்க. புள்ளி வெச்சு வந்தா ஒரே சாய்கோடு. கமெண்ட் எதுவும் இல்ல. இது எதுக்குண்ணா?" எனக்குத் தூக்கம் போய்விட்டது. "வெளியில இருக்கேன்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். கட்டிலில் படுத்துக்கொண்டுதான் சொன்னேன்.

அந்த வரி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எழுதின நாளே அது உறுத்தியது. கமெண்ட், அதாவது அந்த வரி எதற்கு என்று பக்கத்தில் எழுதிவைக்கும் குறிப்பு, போடாமல் விட்டதும் மறதியால் இல்லை. போட்டிருந்தால் உண்மையை எழுதியிருக்க வேண்டும், எழுதக் கை வரவில்லை. ஏன் என்று சொல்ல, நிஜ டிராஃபிக்கை, அதாவது வாடிக்கையாளர்களிடமிருந்து சர்வருக்கு வரும் கோரிக்கைகளைப் பதிவு செய்து திரும்ப ஓட்டிச் சோதிப்பது என்று நாங்கள் ஆரம்பித்த கதையிலிருந்து வரவேண்டும்.

கேசட்டும் செல்லோடேப்பும்

எங்களுடையது கூரியர் கட்டணம் சொல்லும் ஏபிஐ, அதாவது இன்னொரு மென்பொருள் கேட்டால் பதில் சொல்லும் புரோகிராம். கடைக்காரரின் மென்பொருள் பெட்டியின் நீள அகல உயரம், எடை, இரண்டு பின்கோடு அனுப்பும். நாங்கள் கட்டணமும் வரியும் கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்புவோம். மொத்தமும் பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிகிறது என்பது பல வருடமாக ஊருக்கே தெரிந்த சேதி. இருந்தும் வீட்டுவரி கட்டுவது மாதிரி தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, 2019 அக்டோபரில்தான் பைத்தான் 3க்கு மாற்றும் வேலையில் கைவைத்தோம். பயம் இல்லை, ஏனென்றால் புரோகிராம் சரியாக நடக்கிறதா என்று தானாகவே பார்க்கும் டெஸ்ட்கள் இருந்தன. அதுவும் பதிவு செய்த டெஸ்ட்கள்.

ரூபி என்ற இன்னொரு நிரல்மொழியின் உலகத்தில் 2010இல் வந்த விசிஆர் என்ற மென்பொருள் நூலகத்தைப் பார்த்து பைத்தானுக்கு எழுதப்பட்டது விசிஆர்பை. முதல் தடவை ஓடும்போது டெஸ்ட் நிஜ சர்வரிடம் போய்க் கேட்கும். கேள்வியும் பதிலும் ஒரு கோப்பில் பதிவாகும். அடுத்த தடவையிலிருந்து நெட்டே இல்லாமல் அந்தக் கோப்பே பதில் சொல்லும். அந்தக் கோப்புக்குப் பெயர் கேசட். தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். பாட்டு லிஸ்ட்டை ரூல் போட்ட தாளில் எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு, நாலு நாள் கழித்துப் போய் வாங்கிவந்த பிறகு அப்பா செய்யும் முதல் வேலை, கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் ஸ்க்ரூடிரைவரால் உடைத்துவிடுவது. அதன்பிறகு தெரியாமல் சிவப்பு பட்டனை அழுத்தினாலும் பாட்டு அழியாது. திரும்பப் பதிய வேண்டுமென்றால் அந்த ஓட்டையின்மேல் செல்லோடேப் ஒட்ட வேண்டும். விசிஆர்பையிலும் அப்படிப் பல்லை உடைக்கும் ஒரு அமைப்பு உண்டு. எங்கள் குழு எல்லா கேசட்டுக்கும் பல்லை உடைத்திருந்தது. செல்லோடேப் ஒட்ட யாருக்கும் தோன்றவில்லை. பின்கோடு விவரம் தரும் வெளி நிறுவனம் நடுவில் தன் பதிலின் வடிவத்தையே மாற்றியிருந்தது. எங்கள் கேசட்கள் 2016ஆம் வருடத்துப் பாட்டையே பாடிக்கொண்டிருந்தன. இன்னொரு கூத்து: விசிஆர்பை சும்மா விட்டால் கோரிக்கையின் முகவரியையும் முறையையும் மட்டும்தான் ஒப்பிடும், உள்ளே என்ன அனுப்பினோம் என்று பார்க்காது. ஆக, நாங்கள் என்ன தப்பான தகவலை அனுப்பினாலும் அதே பதில், டெஸ்ட் பாஸ் என்று அதே பச்சை.

பைத்தான் 3இல் ஓட்டிய முதல் நாளே எல்லா டெஸ்ட்டும் பச்சை. இந்தத் தொழிலில் கொஞ்ச நாள் குப்பை கொட்டியவர்களுக்கு இதைவிட வயிற்றைக் கலக்கும் காட்சி கிடையாது.

இரண்டு பேரும் பூட்டிய கதவு

கோரிப்ளே வைத்துப் பார்க்கலாம் என்று சொன்னது எங்கள் சர்வர்களைப் பார்த்துக்கொண்ட நண்பன். சர்வரில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, போர்ட்டில் வரும் கோரிக்கைகளை ஒட்டுக்கேட்டு கோப்பில் எழுதிக்கொள்ளும் கருவி அது. யாரும் படிக்க முடியாதபடி உறையிட்டு வரும் டிராஃபிக், கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சரிலேயே பிரிக்கப்பட்டுவிடுவதால், அதற்கு இந்தப்பக்கம் உட்கார்ந்தால் எல்லாம் வெறும் எழுத்தாகக் கிடைக்கும். வெறும் எழுத்து என்றால் வாடிக்கையாளரின் பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண் எல்லாமும்தான். அதை மறைக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதிய பிறகுதான் கோப்பை அந்த சர்வரைவிட்டு வெளியே எடுக்க விட்டார்கள். பகலில் பதிவு, இரவில் அதையே பழைய புரோகிராமுக்கும் புதியதற்கும் ஒருசேர ஓட்டி, இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இதுதான் திட்டம்.

முதல் இரவு வித்தியாசம்: பூஜ்யம். ஒன்றுகூட இல்லை. கீழே இறங்கிப் போய் பழைய மகாபலிபுரம் சாலையோரக் கடையில் டீ குடித்துவிட்டு, பட்டர் பிஸ்கட்டுக்கும் நானே காசு கொடுத்தேன். மறுநாள் காலையில் நண்பன்தான் மெல்லச் சொன்னான், "இவ்வளவு சீக்கிரம் ஓடி முடிஞ்சிருக்கே, பார்த்தியா?" பார்த்தோம். எல்லா பதிலும் 401, அதாவது அனுமதி இல்லை. உள்ளே விடுவதற்கான நுழைவுச்சீட்டு மாதிரி கோரிக்கையோடு வரும் டோக்கன்களின் ஆயுள் 15 நிமிடம். இரவுக்குள் எல்லாம் செத்துப்போயிருந்தன. பழையது யாரையும் உள்ளே விடவில்லை, புதியதும் விடவில்லை, இரண்டும் ஒரே மாதிரி கதவைச் சாத்தியதால் ஒப்பீடு பொருந்திவிட்டது. பட்டர் பிஸ்கட் காசு போனது போனதுதான்.

டோக்கனைச் சரிசெய்த மறு இரவு வேறு வினை. கட்டணம் கேட்கும் கோரிக்கைகளோடு, பார்சலை நிஜமாகவே பதிவுசெய்யும் கோரிக்கைகளும் கோப்பில் இருந்தன. வெளியே போகும் வழியையெல்லாம் அடைத்துவிட்டோம் என்று நினைத்தோம், எஸ்எம்எஸ் வழியை அடைக்கவில்லை. கடைக்காரர்கள் சிலருக்கு இரவு இரண்டு மணிக்கு "உங்கள் பார்சல் பதிவாகிவிட்டது" என்று போனது. ஒருத்தர் காலை ஏழுக்கு போன் செய்து, கோபமில்லாமல், "தூங்கிட்டே ஆர்டர் எடுத்துட்டேனோன்னு பயந்துட்டேன் சார்" என்றார். அதற்கப்புறம் கட்டணம் கேட்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட்டோம். ஓட்டுவதற்கு முன்னால் என்னென்ன விளைவு வெளியே போகும் என்று பார்க்காமல் பதிவை ஓட்டக்கூடாது என்பது எல்லா வழிகாட்டியிலும் முதல் பக்கத்தில் இருக்கும். நாங்களும் படித்திருந்தோம்.

மூன்றாம் இரவில் பதில்கள் நிஜமாக வந்தன, கூடவே குப்பையும். ஒவ்வொரு பதிலிலும் நேரம், ஒவ்வொன்றிலும் ஒரு புது அடையாள எண். எல்லாம் வித்தியாசம் என்றே வந்தது. ட்விட்டர் 2015இல் டிஃபி என்று ஒரு கருவியைப் பொதுவில் விட்டது; அதன் யோசனையை மட்டும் திருடினோம். பழைய புரோகிராமையே இரண்டு பிரதியாக ஓட்டுவது. பழையதும் பழையதும் எந்த இடத்தில் வேறுபடுகிறதோ அது வெறும் இரைச்சல். அதைக் கழித்துவிட்டு, பழையதும் புதியதும் வேறுபடும் இடத்தை மட்டும் பார்ப்பது. எளிய யோசனைதான், ஆனால் பார்த்ததும் எனக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. ஒன்று மட்டும் அப்போது கவனிக்கவில்லை. டிஃபியின் பேச்சுவழக்கில் புதியதற்குப் பெயர் கேண்டிடேட். தேர்வு எழுத வந்த பிள்ளை. அப்படியென்றால் பழையது விடைத்தாள். அந்த விடைத்தாளைத் திருத்தியது யார் என்ற கேள்வியே அங்கே கிடையாது.

25இல் முடிந்தால் தப்பு

இரைச்சல் போக மிஞ்சியது இரண்டே வகை. முதலாவது வரியில் ஒரு ரூபாய் வித்தியாசம். 125 ரூபாய்க் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 22 ரூபாய் 50 காசு. எங்கள் ஏபிஐ அதை முழு ரூபாய் ஆக்கும். பழையது 23 என்றது, புதியது 22. சரி, அரை ரூபாய் வரும் இடமெல்லாம் இப்படித்தான் போலிருக்கிறது என்று பார்த்தால், 175 ரூபாய்க்கு 31.50, இரண்டுமே 32 என்கின்றன. 225க்கு 40.50, பழையது 41, புதியது 40. 275க்கு 49.50, இரண்டும் 50. பட்டியலை இறக்கி வரிசைப்படுத்தினால் கோடு போட்டது மாதிரி: 25இல் முடியும் கட்டணம் எல்லாம் தப்பு, 75இல் முடியும் கட்டணம் எல்லாம் சரி. ஏதோ ஜோசியம் மாதிரி இருந்தது. அரைமணி நேரம் திரையையே வெறித்தபிறகுதான் உறைத்தது. பைத்தான் 2 பாதியை எப்போதும் மேலே தள்ளும். பைத்தான் 3 பாதியைப் பக்கத்திலிருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும். 22.5 கீழே 22க்கு இறங்கும், 31.5 மேலே 32க்கு ஏறும். நூறு ரூபாய் கூடினால் வரி 18 ரூபாய் கூடும்; 18 இரட்டைப்படை, அதனால் அந்த ஒற்றை இரட்டைக் கணக்கு 25இல் முடிகிற வரிசையிலும் 75இல் முடிகிற வரிசையிலும் கடைசிவரை மாறாது.

இதை எங்கள் டெஸ்ட்கள் ஏன் பிடிக்கவில்லை என்று போய்ப் பார்த்தால் 100, 200, 250, 500, 1000. டெஸ்ட்டுக்கு எண் சொல்லச் சொன்னால் கல்யாணத்துக்கு மொய் எழுதுகிற மாதிரிதான் சொல்கிறோம். அந்த ஒரு ரூபாயைக்கூட யாரும் சேர்க்கவில்லை. நிஜ மனிதர்களின் பார்சலுக்குத்தான் 125 வரும்.

கணக்குப் பிரிவில் ஒரு சார் இருந்தார், ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி. அவரிடம் தாளை நீட்டி எது சரி சார் என்றேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இதுல கேட்கறதுக்கு என்ன தம்பி இருக்கு. அம்பது பைசாவும் அதுக்கு மேலயும்னா அடுத்த ரூபா. சட்டத்துலேயே எழுதியிருக்கு, நூத்தி எழுபதாவது பிரிவு" என்றார். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. பழையது சரி, புதியது தப்பு. பாதியை மேலே தள்ளும்படி திருத்தினேன், அன்றிரவு ஓட்டினேன், அந்த வகை வித்தியாசம் முழுவதும் மறைந்துபோனது. அன்று இந்த முறையின்மேல் எனக்கு வந்த பக்தி கொஞ்சநஞ்சமில்லை.

30உம் 30.0உம்

இரண்டாவது வகை எடையில். கூரியரில் பஞ்சுத் தலையணையை நிறுத்துப் பார்த்து மட்டும் காசு வாங்கினால் வண்டி நிறைந்துவிடும், கல்லா நிறையாது. அதனால் நீள அகல உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து அதையும் ஒரு எடையாகப் பார்த்து, நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். அரைக் கிலோவுக்கு ஒரு ஸ்லாப். மூன்று பக்கமும் 30 உள்ள பெட்டி 27000. 5000ஆல் வகுத்தால் 5.4 கிலோ, 5.5 ஸ்லாப். புதியது அப்படித்தான் சொன்னது. பழையது 5 கிலோ என்றது. பைத்தான் 2இல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதியைத் தூக்கிப் போட்டுவிடும், பைத்தான் 3இல் போடாது. மீதியைப் போட வேண்டுமென்றால் இரண்டு சாய்கோடு போட்டுச் சொல்ல வேண்டும். முதல் பாடத்திலேயே வரும் சமாச்சாரம். பழையதை மாற்றித்தரும் 2டு3 கருவியும் வகுத்தலைத் தொடாது, அதற்கு எது முழு எண் எது இல்லை என்று தெரியாது. 10, 10, 10 என்று பெட்டி யோசித்த எங்கள் டெஸ்ட்டில் நிஜ எடையே ஜெயித்தது. 50, 50, 50 யோசித்ததில் மிச்சமில்லாமல் 25 வந்தது.

ஆக, இத்தனை வருடம் நாங்கள் அரைக் கிலோ, சில பெட்டிக்கு ஒரு கிலோ, குறைத்தே பில் போட்டிருக்கிறோம். பழையது தப்பு, புதியது சரி. போன தடவைக்கு நேர் எதிர். ஆனால் ஒப்பீட்டுப் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே சிவப்பு. இதுவரைகூட எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. கம்பெனிக்கு நஷ்டம், கடைக்காரருக்கு லாபம், அவ்வளவுதானே.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். அதே 30, 30, 30 பெட்டிக்கு இன்னொரு கடைக்காரரின் கோரிக்கையில் வித்தியாசமே வரவில்லை. பழையதும் 5.4 என்கிறது, புதியதும் 5.4. பதிவுக் கோப்பைத் திறந்து இரண்டு கோரிக்கையையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தேன். முதல் ஆள், கரூரிலிருந்து மெத்தை விரிப்பும் தலையணையும் அனுப்புகிறவர்: 30. இரண்டாவது ஆள்: 30.0. அவ்வளவுதான். அவருடைய மென்பொருளை எழுதியவர் அளவைத் தசம எண்ணாக வைத்திருக்கிறார், கோரிக்கையை எழுதி அனுப்பும் ஜேசான் வடிவத்தில் புள்ளி பூஜ்யம் ஒட்டிக்கொண்டு வருகிறது, பைத்தான் அதைப் பார்த்து இது முழு எண் இல்லை என்று முடிவுசெய்து மீதியைத் தூக்கிப் போடாமல் வகுக்கிறது. ஒரே பெட்டி, ஒரே தூரம், ஒரே நாள். ஒருவருக்கு 5 கிலோ பில், இன்னொருவருக்கு ஐந்தரை. காரணம் ஒரு புள்ளி, ஒரு பூஜ்யம். இரண்டு பேருக்கும் தெரியாது, எங்களுக்கும் அன்று வரை தெரியாது. நிஜ டிராஃபிக்கைத் தவிர வேறு எந்த டெஸ்ட்டும் இதை என் கண்ணில் காட்டியிருக்காது. உட்கார்ந்து யோசித்து 30.0 என்று ஒரு டெஸ்ட் எழுதுகிறவன் பிறந்துதான் வரவேண்டும்.

கூட்டம் போட்டார்கள். டிசம்பர் நடுவில். எல்லோருக்கும் சரியான எடையைப் போடலாம் என்றேன். விற்பனைப் பிரிவு துள்ளியது: பண்டிகை விற்பனை நேரத்தில் பாதிப்பேருக்குச் சொல்லாமல் கட்டணம் ஏறினால் யார் பதில் சொல்வது, அவர்கள் தங்கள் விலையையே நம் 5 கிலோவை வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். அதுவும் நியாயம்தான். கூகுளில் வேலை பார்த்த ஹைரம் ரைட் பெயரில் ஒரு விதி சொல்வார்கள்: பயன்படுத்துகிறவர்கள் போதுமான அளவு இருந்துவிட்டால், நீ என்ன வாக்குக் கொடுத்தாய் என்பது பொருட்டில்லை, உன் புரோகிராம் எப்படி நடந்துகொள்கிறதோ அதையெல்லாம் யாரோ ஒருவர் நம்பியிருப்பார். சரி, எல்லோருக்கும் இரண்டு சாய்கோடு போட்டுக் குறைத்துவிடலாம் என்றேன். கணக்குப் பிரிவு சார் சிரித்தார். "தெரியாம விட்டது வேற, தெரிஞ்சு விடறது வேற தம்பி." பைத்தான் 3 வெளியீட்டுக்கு மேலிடம் வைத்திருந்த நிபந்தனை ஒன்றே ஒன்று: பதிவை ஓட்டினால் வித்தியாசம் பூஜ்யமாக வேண்டும். கடைசியில் எல்லோரும் அதில் போய் ஒதுங்கினார்கள். இப்போதைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும், ஜனவரிக்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

எப்படி இருந்ததோ அப்படியே என்றால், நான் என்ன எழுத வேண்டும்? முழு எண்ணாக வந்தால் இரண்டு சாய்கோடு, புள்ளியோடு வந்தால் ஒரு சாய்கோடு. பழைய புரோகிராமில் அப்படி ஒரு வரியே கிடையாது. அங்கே இருந்தது ஒற்றை வகுத்தல், எழுதியவர் எல்லோருக்கும் ஒரே கணக்கு என்று நினைத்துத்தான் எழுதியிருப்பார். மொழியின் குணத்தால் இரண்டாகப் பிளந்தது. இப்போது அந்தப் பிளவை நான், தெரிந்தே, விசைப்பலகையில் தட்டி உண்டாக்கினேன். புள்ளி பூஜ்யம் அனுப்புகிற கடைக்காரரிடம் கூடுதலாக வாங்கு என்று சொல்லும் வரி. அன்றிரவு ஓட்டினோம். வித்தியாசம் பூஜ்யம். இந்தத் தடவை 401 இல்லை, எல்லாம் சரி என்று சொல்லும் 200, நிஜமான பூஜ்யம். நண்பன் டீக்குக் கூப்பிட்டான், தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஜனவரிக்கு அப்புறம் யாரும் பேசவில்லை. மார்ச்சில் ஊரடங்கு வந்தது, கூரியர் ஆட்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. அடுத்த வருடம் நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

பதிவு செய்து ஓட்டும் முறையைக் குறை சொல்கிறேனா என்றால், இல்லை. அந்தப் புள்ளி பூஜ்யத்தை எனக்குக் காட்டியதே அதுதான். என் கோபம் "வித்தியாசம் பூஜ்யம்" என்பதை வேலை முடிந்ததன் அடையாளமாக வைத்ததன்மேல். பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எது சரி, யாரைக் கேட்டோம், எந்தத் தேதி என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் போதும். அப்படி ஒரு கட்டம் போட நான் ஒருவனே போதுமே, ஏன் போடவில்லை என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்த வரிக்கு ஒரு கமெண்ட்கூட எழுதவில்லையே.

நாலு நாள் கழித்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். முழுக் கதையையும் சொன்னேன், பட்டர் பிஸ்கட் உட்பட. பொறுமையாகக் கேட்டார். "அதை எடுத்துடும்மா, கணக்குப் பிரிவுல இப்ப யார் இருக்காங்களோ அவங்ககிட்ட கேட்டுட்டு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார்:

"நான் அன்னைக்கே எடுத்துப் பார்த்தேண்ணா. 2019 பதிவுலேர்ந்து எடுத்த டெஸ்ட் எல்லாம் இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. மொத்தமும் சிவப்பாயிடுச்சு. அதைப் பார்த்துட்டுதான், இது ஏதோ ரொம்ப முக்கியமான பில்லிங் ரூல் போலன்னு நெனச்சு, திரும்ப வெச்சுட்டு உங்களுக்கு போன் பண்ணேன்."